தெளிவில் நின்றது

ராமலிங்கம் சாரின் ஆய்வகத்தில் ரசம் வைப்பார்கள். புளியும் மிளகும் இல்லாத ரசம். பாக்டீரியாவை வளர்த்து, உடைத்துக் கூழாக்கி, கை பட்டால் கொப்பளித்துவிடும் வெந்நீர்த் தொட்டியில் அந்தக் கூழை வைப்பார்கள். சற்றைக்கெல்லாம் பாக்டீரியாவின் சொந்தச் சரக்கெல்லாம் வெந்த முட்டைபோல வெளுத்துத் திரியும். குழாயைச் சுழற்றினால் திரிந்தது அத்தனையும் அடியில் போய் அப்பிக்கொள்ளும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் இறுத்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்தத் தெளிவில் ஒரே ஒரு புரதம்தான் இருக்கும் என்பது அந்த ஆய்வகத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம்.

அந்தப் புரதம் ஆர்க்கியாவினுடையது. ஆர்க்கியாவும் பாக்டீரியாவைப் போலக் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்தான், ஆனால் வேறு குலம். கடலடியில் கொதிக்கும் ஊற்றுகளில் சௌக்கியமாகக் குடித்தனம் நடத்துகிற கூட்டம். அதன் மரபணு ஒன்றை எடுத்துப் பாக்டீரியாவுக்குள் வைத்துவிட்டால் அது விசுவாசமாக அந்தப் புரதத்தைச் செய்துகொடுக்கும். கொதிநீரில் பிறந்த சரக்கை வெந்நீர்த் தொட்டி என்ன செய்துவிடும்? மற்றதெல்லாம் திரியும்போது அது மட்டும் அசையாமல் நிற்கும். மற்ற ஆய்வகங்கள் வாரக் கணக்கில் வடிகட்டிப் பிரிக்கிற சுத்தத்தை சார் ஒரே காலையில் முடித்துவிடுவார். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து சாரின் தலை கொஞ்சம் நிமிர்ந்தேதான் இருந்தது. இருக்கட்டும், உழைத்த மனுஷன்.

மாணவர்களுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். ‘ஜெல் போட்டுப் பார்க்காம எங்கிட்ட வந்து பேசாதே.’ ஜெல் என்பது புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து நீலக் கோடுகளாக நிறுத்திக் காட்டுகிற ஒரு மெல்லிய பாளம். ஒரு கோடு என்றால் ஒரு புரதம். கோட்டைக் காட்டாதவன் பேச்சுக்கு அங்கே மரியாதை கிடையாது. சந்தேகம், பயம், தோன்றுகிறது, போலிருக்கிறது எல்லாம் கேன்டீனில் பேச வேண்டிய பேச்சு. சங்கமித்ராவுக்கு இந்தச் சட்டம் ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. அவள் நல்ல மாணவி. அதுதான் வினையாகப் போயிற்று.

அவள் கோலார் தங்கவயல் பெண். அப்பா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் வேலை பார்த்து, அவள் பத்தாவது படிக்கும்போது போய்விட்டார். அப்பாவின் கூட்டாளி சின்னப்பா மேஸ்திரிதான் அவளை ஒவ்வொரு பரீட்சைக்கும் ரயிலேற்றிவிட்டவர், கல்லூரியில் கையெழுத்துப் போட்டவர், பெங்களூரில் பெரிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்று தெருவெல்லாம் ஜாங்கிரி கொடுத்தவர். ரத்த உறவு கிடையாது. ஆனால் மாமா என்று அவள் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

அது 2003. சுரங்கத்தை மூடி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சின்னப்பா தன் கீழே வேலை பார்த்த ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவுக்கு வந்து, தகரக் கூரை போட்ட ஒரு அறையில் தங்கி, எந்தக் கம்பெனி எந்த வேலை கொடுத்தாலும் செய்துகொண்டிருந்தார். அவர்களை அங்கே இருந்த ஒரு மருந்துக் கம்பெனிக்குள் அனுப்பிவைத்தது சங்கமித்ராவேதான்.

அந்தக் கம்பெனியில் ஆராய்ச்சிப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் தனலக்ஷ்மி. ராமலிங்கம் சாரிடமே படித்துப் பட்டம் வாங்கிய அக்கா. அவள் பட்டம் வாங்கியது இந்த ஆர்க்கியா புரதத்தை வைத்துத்தான். அது ஒரு மடிப்பு நொதி. செல்லுக்குள் புதிதாகச் செய்யப்படுகிற புரதம் நூல் மாதிரி வரும், சரியாக மடிந்தால்தான் வேலைக்கு ஆகும், மடியாவிட்டால் ஒன்றோடொன்று சிக்கிக் கட்டியாகிவிடும். இந்த நொதியில் இரண்டு பகுதிகள். ஒன்று பிடிக்கும் பகுதி, மற்றொன்று மடிக்கும் பகுதி. பட்டுப்புடவையை ஒருத்தி முனையைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி மடிப்பதில்லையா, அது மாதிரி. கம்பெனி தயாரித்த மருந்தும் ஒரு புரதம்தான். புற்றுநோய் சிகிச்சையில் ரத்த அணு குறைந்துபோகிறவர்களுக்கு நாள்தோறும் போட வேண்டிய ஊசி. அது மடியாமல் கட்டி கட்டியாகத் தொல்லை கொடுத்தது. தனலக்ஷ்மி இந்த நொதியைச் சின்ன மணிகளில் ஒட்டிவைத்து, மருந்தை அந்த மணிகள் வழியாக ஓடவிட்டாள். கசங்கி வந்த மருந்து அழகாக மடிந்து வெளியே வந்தது. கம்பெனிக்காரர்கள் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

முயலுக்குப் போட்டுப் பார்த்தாயிற்று. அடுத்து ஆரோக்கியமான மனிதர்கள் வேண்டும், ஆளுக்கு ஒரே ஒரு ஊசி. “நம்பிக்கையான ஆளுங்க யாராவது இருக்காங்களா மித்ரா?” என்று தனலக்ஷ்மி கேட்டபோது சங்கமித்ரா மாமாவைச் சொன்னாள். மாமா கேட்டது ஒரே கேள்வி. “நீ கீற எடத்துல செஞ்சதா கண்ணு?”

“எங்க புரதத்தை வச்சு செஞ்சதுதான் மாமா. ரொம்ப சுத்தமானது,” என்றாள் அவள். ஜெல்லைப் பார்த்திருந்தாள், தைரியமாகச் சொன்னாள்.

ஆட்கள் குழு குழுவாகப் போனார்கள். ஆனால் ஊசி என்றதும் பின்வாங்கினார்கள். சுரங்கத்தில் அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெடி வைத்துப் புகை அடங்கியதும் முதலில் உள்ளே போகிறவன் மேஸ்திரி. இரும்புக் கம்பியால் தலைக்கு மேலே பாறையைத் தட்டிப் பார்த்து, பொள்ளலாகச் சத்தம் கேட்கவில்லை என்றால்தான் மற்றவர்களைக் கூப்பிடுவான். அந்த வழக்கத்தைச் சின்னப்பா மருந்துக் கம்பெனிக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டி, முதல் ஊசி அவர் போட்டுக்கொள்வார். விதிப்படி ஒருவருக்கு ஒன்றுதான். அவருடையதை எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. எழுதாமலே விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது என்று தனலக்ஷ்மி கண்டுகொள்ளாமல் இருந்தாள். ஆட்கள் வந்தால் போதுமென்று கம்பெனியும் இருந்தது. மூன்று குழு முடிந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை சங்கமித்ரா தன் ஆராய்ச்சியின் கடைசிப் பகுதியைச் செய்துகொண்டிருந்தாள். நொதியின் இரண்டு பகுதிகளையும் தனித்தனியாகப் பிரித்து, எது என்ன வேலை செய்கிறது என்று காட்ட வேண்டும். பிடிக்கும் பகுதியை வெட்டிப்போட்ட நொதியை ஏற்கெனவே சோதித்தாயிற்று. அதற்கு மடிக்கும் திறன் கொஞ்சம்தான் இருந்தது. இப்போது பிடிக்கும் பகுதியை மட்டும் தனியாகச் செய்து, வழக்கம்போல ரசம் வைத்து, தெளிவை எடுத்து சோதனையில் போட்டாள். அதால் மடிக்க முடியாது, முடிவது நியாயமே இல்லை. புடவை முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் தனியாகப் புடவையை மடித்துவிடுவாளா?

மடித்தது. ஜோராக மடித்தது.

ராமலிங்கம் சார் குதிக்காத குறை. “பிடிக்கிற பார்ட்டே மடிக்குதாம்மா! இது யாருமே சொல்லாத விஷயம். இன்னும் ரெண்டு தடவை செஞ்சு வை, எழுதிடலாம்,” என்று சொல்லிவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பிப் போனார்.

அவர் போன பிறகு அவள் ஜெல்லை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். கீழே பிடிக்கும் பகுதி தடித்த நீலக் கோடாக நின்றது. அதற்கு வெகு மேலே, முழு நொதி நிற்கிற உயரத்தில், முடி மாதிரி ஒரு மெல்லிய கோடு. அங்கே எதுவும் இருக்கக் கூடாது. அவள் முழு நொதியைச் செய்யவே இல்லையே. பயந்தாள் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

அந்த நேரம் பார்த்து வாசல் காவலாளி போன் செய்தார். மாமா வந்திருந்தார்.

சின்னப்பா கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வெயிலிலும் முழுக்கைச் சட்டை. அவளைக் கண்டதும் சிரித்தார். “இன்னா கண்ணு, மூஞ்சி வாடிக் கீது? சாப்ட்டியா?”

“சாப்பிட்டேன் மாமா. நீங்க எங்க இந்தப் பக்கம்?”

“ஒண்ணியும் இல்ல. சொறிக்கு ஒரு மாத்திரை கேக்கலாம்னு வந்தேன். கம்பெனி டாக்டரைக் கேட்டா ஆயிரம் கேள்வி கேப்பாரு. ஊசி போட்ட விஷயம் எழுதலியே, பாவம் அந்த தனம்மாவுக்கு பேஜாரு.” சட்டைக் கையை மேலே சுருட்டினார்.

ஊசி போட்ட இடத்திலிருந்து முழங்கை வரை கை சிவந்து, கெட்டியாகத் தடித்திருந்தது.

“எப்ப இருந்து மாமா இப்படி?”

“மொத தபா ஒண்ணியும் ஆவல. ரெண்டாவது தபா கொசு கடிச்சாப்பல தடிப்பு. இந்த தபாதான் கொஞ்சம் சாஸ்தி. அன்னிக்குச் சாயந்தரம் நெஞ்சுல விசில் அடிச்சுக்கினே கெடந்துது. பக்கத்துல பெயின்டு கம்பெனி கீதுல்ல, அந்த நாத்தம்.” கையை மறுபடி மூடிக்கொண்டார். “செவ்வாக்கெழமை நாலாவது செட்டு. அதுக்குள்ள எறங்கிடுமா?”

ஒன்று, இரண்டு, மூன்று என்று அது ஏறிக்கொண்டு வந்த விதம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஆய்வகத்தில் ஜெல்லில் அந்த மெல்லிய கோடு, இங்கே இந்தக் கை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை மங்கலாகத் தெரிந்தது. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் எதை வைத்துச் சொல்வது? ஒரு கோடு, அதுவும் என்ன கோடு என்றே தெரியாத கோடு. இதை நம்பி மருந்தில் கோளாறு என்று சொன்னால் தனலக்ஷ்மி அக்காவின் பட்டம், கம்பெனி, சாரின் பேர், தன் ஆராய்ச்சி எல்லாம் ஒரே இழுப்பில் போய்விடும். பிறகு அது வெறும் கறை என்று ஆனால்?

“செவ்வாய்க்கிழமை ஊசியை விட்டுடுங்களேன் மாமா,” என்றாள்.

“ஏன், மருந்துல ஏதாச்சும் கீதா?”

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டாகக் கேட்கவில்லை. பாறையைத் தட்டிவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறவர் மாதிரி நின்றார்.

“அதெல்லாம் இல்ல மாமா. சும்மாதான். கை ஆறட்டுமேன்னு,” என்றாள் சங்கமித்ரா.

“அட போ கண்ணு. நான் போடலேன்னா பசங்க ஒருத்தனும் போட மாட்டானுங்க. உன் மருந்து, நான் பயப்படுவனா?” என்று சொல்லி, எதிர்க் கடையில் அவள் வாங்கிக்கொடுத்த மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விடுதி அறையில் அவள் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் கணக்கு நேரானது. பாக்டீரியாவுக்கும் சொந்தமாக மடிப்பு நொதி உண்டு. அளவும் ஏறத்தாழ ஆர்க்கியாவின் முழு நொதியின் அளவு. ரசம் வைக்கும்போது அது திரிந்து அடியில் போக வேண்டும். ஆனால் குழாய்க்குள் பிடிக்கும் பகுதி இருக்கிறதே! அதன் வேலையே என்ன? குலைந்துகொண்டிருக்கிற புரதத்தைக் கெட்டியாகப் பிடித்து, கட்டியாகாமல் காப்பாற்றுவது. இது நல்லது, இது அழுக்கு என்று அதற்கு என்ன தெரியும்? பாக்டீரியாவின் நொதி வெந்நீரில் குலையத் தொடங்கியதும் அதையும் பிடித்துத் தெளிவுக்குள் நிறுத்திவைத்துவிட்டது. ஆறியதும் அது பழையபடி மடிந்து வேலையைத் தொடங்கிவிட்டது.

இத்தனை வருஷம் யார் கண்ணிலும் படாததற்கும் காரணம் புரிந்தது. முழு நொதியைப் போட்டால் அதன் தடித்த கோட்டுக்குள் இதன் கோடு ஒளிந்துகொள்ளும். பிடிக்கும் பகுதியை வெட்டிவிட்டால் பிடிக்க ஆளில்லாமல் இதுவும் அடிக்குப் போய்விடும். இரண்டு விதத்திலும் ஜெல் சுத்தமாகத்தான் இருக்கும். அவர்கள் கும்பிட்ட ஜெல்லே அவர்களுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

கம்பெனியில் அந்த மணிகளில் ஒட்டியிருக்கும் நொதியும் அழுக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மருந்து ஓடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடும். அது மருந்தோடு சேர்ந்து மனித உடம்புக்குள் போகும். ஒருமுறை போனால் உடம்பு அதை அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மறுபடி மறுபடி போனால் வெறிகொண்டு பாயும். ஆளுக்கு ஒரே ஊசி என்பதால் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள். மறுபடி மறுபடி வாங்கிக்கொண்ட ஆள் உலகத்திலேயே ஒருவர்தான்.

தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து தனலக்ஷ்மியைக் கூப்பிட்டாள். “அக்கா, செவ்வாய்க்கிழமை செட்டைத் தள்ளிப் போட முடியுமா? மருந்துல வேற புரதம் கலந்திருக்குமோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.”

“என்ன சந்தேகம்? ஜெல் இருக்கா?”

“ஒண்ணு இருக்குக்கா. ஆனா அது வேற துண்டோடது. நாளைக்குத்தான் சரியா செஞ்சு பார்க்கணும்.”

“மித்ரா, நானும் சார்கிட்ட படிச்சவதான். தோணுதுன்னு சொல்லி நிறுத்தினா என்னைத் தூக்கிக் கடாசிடுவாங்க. ஜெல் எடுத்துட்டு வா, நானே நிறுத்தறேன், ப்ராமிஸ்.”

“சின்னப்பா மாமாவுக்கு மட்டுமாவது போடாதீங்கக்கா. கை வீங்கியிருக்கு.”

“அவரா? அவர் கல்லு மாதிரி இருக்கார்,” என்று தனலக்ஷ்மி சிரித்தாள். கெட்டவள் இல்லை. பயந்தவள். பயந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். சீட்டியெல்லாம் எங்கோ போய்விட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செஞ்சு பாரு. அதுவரைக்கும் யார்கிட்டயும் பேசாதே. தனலக்ஷ்மி தீசிஸ் இது மேலதான் நிக்குது. உன்னுதும். என் பதினஞ்சு வருஷமும்,” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை. பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் வந்தது.

சோதனை எளிதுதான். ஆர்க்கியாவின் வாசனையே படாத வெறும் பாக்டீரியாக் கூழை இரண்டு குழாய்களில் எடுத்தாள். ஒன்றில் பிடிக்கும் பகுதியைச் சேர்த்தாள், மற்றதில் சேர்க்கவில்லை. இரண்டையும் வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சுழற்றி, தெளிவை எடுத்து ஜெல்லில் ஏற்றினாள். சாயம் பிடித்துக் கோடு துலங்க ராத்திரி முழுக்க ஊற வேண்டும். ஊறவிட்டுவிட்டு விடுதிக்குப் போனாள். போகாமல் அப்போதே பொம்மசந்திராவுக்குப் பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஜெல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சேர்க்காத குழாயின் பக்கம் வெறுமையாக இருந்தது. சேர்த்த குழாயின் பக்கம், அதே உயரத்தில், அதே கோடு. இந்தமுறை அழுத்தமாகவே நின்றது.

தனலக்ஷ்மியின் கைப்பேசி அணைத்துவைக்கப்பட்டிருந்தது. கம்பெனியில் போன் எடுத்த பெண் கன்னடத்தில், மேடம் உள்ளே இருக்கிறார்கள், மத்தியானம் கூப்பிடுங்கள் என்றாள். “ஊசி போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், உயிர் விஷயம்,” என்று சங்கமித்ராவும் கன்னடத்தில் கத்தினாள். சொல்கிறேன் என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். யாரிடம் சொன்னாளோ, சொன்னாளோ இல்லையோ. ஜெல்லை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு சங்கமித்ரா ஓடினாள். மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் பஸ் மாறி, ஓசூர் ரோட்டில் வண்டி வண்டியாக நின்ற நெரிசலில் ஊர்ந்து, சில்க் போர்டு சந்திப்பில் பஸ் அசையாமல் நின்றபோது பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள்.

கம்பெனி வாசலில் காவலாளியைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போனாள். நீண்ட கூடத்தில் ஆட்கள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தங்கவயல் முகங்கள். முதல் ஆளுக்கு டாக்டர் அப்போதுதான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் எதிரே நாற்காலியில் சின்னப்பா உட்கார்ந்திருந்தார். ஊசி போட்ட இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது.

“நிறுத்துங்க! யாரும் போடாதீங்க!” என்றாள்.

தனலக்ஷ்மி ஓடி வந்தாள். சங்கமித்ரா ஜெல்லை அவள் கையில் திணித்தாள். படித்தவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போனதைச் சங்கமித்ரா கண்ணெதிரே பார்த்தாள்.

“மாமா, எப்ப போட்டாங்க உங்களுக்கு?”

“இப்பத்தான் கண்ணு. ஒண்ணியும் ஆவல, பாரு.” சின்னப்பா சிரித்தார். சிரித்துக்கொண்டே ஒரு உள்ளங்கையை இன்னொன்றால் தேய்த்தார். “கைதான் நமநமன்னுது.” பிறகு தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். உதடு தடித்துக்கொண்டு வந்தது. அவர் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தார். நெஞ்சிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் எழுந்தது.

டாக்டர் ஓடி வந்து, பெட்டியைத் திறந்து, அதில் இருந்த அவசர ஊசியை அவர் தொடையில் போட்டார். சங்கமித்ரா சின்னப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா மாமா என்று கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆட்களைப் பார்த்தார். என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. அப்போது வலது கையைத் தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக வீசினார்.

பூமிக்கடியில் சத்தம் எட்டாத இடங்களில் விளக்கை அப்படித்தான் ஆட்டுவார்கள். வராதே, பாறை நிற்காது, திரும்பிப் போ என்று அர்த்தம். அவர் கையில் விளக்கு இல்லை. ஆனால் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். முதல் ஆள் தன் கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டான். ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல், சட்டைக் கைகளை இறக்கிவிட்டுக்கொண்டு, வரிசையாக வாசலை நோக்கி நடந்தார்கள். கடைசி ஆள் வெளியே போகும்வரை அந்தக் கை வீசிக்கொண்டிருந்தது. பிறகு விழுந்துவிட்டது.

கம்பெனி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

சங்கமித்ராவும் தனலக்ஷ்மியும் திரும்பி வந்தபோது ஆட்கள் கம்பெனி மதிலோரம் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மானேஜர் முன்னால் போய், மாரடைப்பு, வயசாகிவிட்டது, கம்பெனி குடும்பத்துக்கு உதவி செய்யும் என்று கன்னடத்திலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னார். சொல்லிவிட்டுச் சங்கமித்ராவைத் திரும்பிப் பார்த்தார். தனலக்ஷ்மி அவள் விரல்களைப் பிடித்து நெரித்தாள். கண்ணால் கெஞ்சினாள்.

ஜெயராஜ் என்பவன் எழுந்து வந்தான். மேஸ்திரிக்கு அடுத்தபடி அவன்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. “ஆர்ட்டுன்றாங்க. நீ படிச்சவ. நீ சொல்லும்மா, இன்னா ஆச்சு?”

சங்கமித்ரா கையை விடுவித்துக்கொண்டாள். “ஹார்ட் இல்லண்ணா. மருந்துல அழுக்கு இருந்துது. எங்க லேப்ல இருந்து வந்த அழுக்கு. சனிக்கிழமையே எனக்கு சந்தேகம் வந்துடுச்சு.”

மானேஜர் என்னவோ அதட்டினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“சனிக்கெழமை உன்னைத்தானே பாக்க வந்தாரு,” என்றான் ஜெயராஜ். “மருந்துல ஏதாச்சும் கீதான்னு கேக்கத்தான் போறேன்னு எங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரு. திரும்பி வந்து, ஒண்ணும் இல்லியாம், பாப்பா சொல்லிடுச்சுன்னாரு.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டு நின்றான். “ஆமாண்ணா, கேட்டார். ஒண்ணும் இல்லன்னு நான்தான் சொன்னேன்,” என்றாள் சங்கமித்ரா.